ஆம் வேறு, ஆமா வேறு

கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தோளில் பை, கையில் பேச்சைப் பிடிக்கும் கருவி. ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சேர்த்து வைக்கப்போகிறார்களாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவுமாம்.

"நீங்க பாட்டுக்குப் பேசுங்க ஆச்சி. நாங்க பெறவு சுருக்கி எழுதிக்கிடுதோம்" என்றாள்.

சுருக்கி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். காப்பி கொடுத்தேன். "நானே எழுதித் தாரேன், பைய வா" என்று அனுப்பிவைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். கிழவிக்கு எழுத்து வராது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

எனக்கு எழுத்து வரும். மெதுவாக வரும். பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல, வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, எங்கள் தெருவில் நடந்த சாயங்கால வகுப்பில் வந்தது. இதில் உள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்தியது அடுத்த வீட்டு டீச்சர். திருத்திய பிறகு முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். பிழையோடு சேர்த்து என் பேச்சையும் அவள் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா. "என்ன ஆச்சி, என் மேலயுமா சந்தேகம்?" என்று கேட்டாள். அவள் மேல் இல்லை. எழுத்தின் மேல். அந்தச் சந்தேகம் எப்படி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது பேட்டையில், ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் இலைக் கொட்டகையில். நாங்கள் அவுரி என்போம். புத்தகத்தில் அதற்கு நிலாவாரை என்று பெயராம். வயிற்றைக் கழுவும் மருந்து இலை. சாத்தான்குளம், ஏரல் பக்கத்து மானாவாரிக் காடுகளிலிருந்து காய்ந்த இலை சாக்கில் வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் புடைத்து, கல், காம்பு, கறுத்த இலை எல்லாம் நீக்கி, தரம் பிரித்துக் கொடுப்போம். அதை அழுத்தித் தாட்டு என்கிற பெரும் பொதிகளாகக் கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து கப்பலில் போகும். எந்த நாட்டில் யார் வயிற்றைக் கழுவியது என்பதெல்லாம் நான் கண்டதில்லை.

புதிதாகச் சேர்ந்தவளுக்கு முதல் வாரம் வயிறு நிற்காது. இலைத் தூசி உள்ளே போய் வேலையைக் காட்டிவிடும். "ஏளா, மருந்து நல்ல மருந்துதானா?" என்று பழைய ஆட்கள் சிரிப்பார்கள். ஓட்டம் நின்றால் வேலைக்குப் பழகிவிட்டாள் என்று அர்த்தம். நானும் அப்படி ஓடிப் பழகியவள்தான். பிறகு கொட்டகை மேற்பார்வை என் கைக்கு வந்தது. யாரும் பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை. கலப்படமாக வரும் ஆவாரை இலையையும் அவுரி இலையையும் நொறுங்கிப்போன பிறகும் பிரித்துச் சொல்ல அந்தக் கொட்டகையில் என்னை விட்டால் ஆள் கிடையாது. முழு இலை என்றால் யாரும் சொல்லிவிடலாம். அவுரிக்கு நுனி கூர்மை, ஆவாரைக்கு நுனி மழுங்கல். நொறுங்கினால் விரலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஆவாரை மெத்தென்று இருக்கும்.

எங்கள் மேனேஜர் காசிம் அண்ணாச்சி மேலப்பாளையத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். யாராவது வந்து ஒரு சங்கதி சொன்னால் உடனே பதில் வராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை சொன்னவர் நிற்க வேண்டும். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்: "கண்டியா, கேட்டியா?"

கண்டது என்றால் கண்டபடி சொல்லலாம். கேட்டது என்றால் பேச்சின் வாலில் ஆம் இருக்க வேண்டும். கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டு "ஏரல்ல மழ பெய்யுது" என்று சொல்லிவிட முடியாது. "பெய்யுதாம்" என்று சொல்ல வேண்டும். அதோடு விடமாட்டார். "ஆம் போட்டேல்லா, யார் சொன்னா?" என்பார். அந்த ஆளிடம் போவார். அந்த ஆளும் ஆம் போட்டால், அவருக்குச் சொன்னவரிடம் போவார். ஆம் இல்லாமல் பேசுகிற ஆள் அகப்படும்வரை போவார். அகப்பட்டால் சங்கதி கண்டது பக்கம் சேரும். அகப்படாவிட்டால் "இது ஆளில்லாப் பேச்சு" என்று உதறிவிடுவார். ஆளில்லாப் பேச்சை வைத்து ஒரு சாக்கை வாங்கவும் மாட்டார், திருப்பி அனுப்பவும் மாட்டார்.

போகப்போக அது கொட்டகைப் பாஷையாகிவிட்டது. ஒருத்தி ஏதாவது சொன்னால் அடுத்தவள், "கண்டதா, ஆம் சரக்கா?" என்பாள். 'கண்டது' என்று ஒரு சொல், அல்லது 'ஆம்' என்று ஒரு சொல். பதில் முடிந்தது.

ஒரு தடவை தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வருதாம் என்று கொட்டகை முழுக்கப் பேச்சு. வேலை நின்றுபோகும் என்று பெண்களுக்குக் கை ஓடவில்லை. அண்ணாச்சி கிளம்பினார். எங்கள் குருவம்மா டீக்கடைக்காரர் சொன்னதாகச் சொன்னாள். டீக்கடைக்காரர், "ஒங்க லோடுமேன்தான்வே சொன்னான்" என்றார். லோடுமேன் வாட்ச்மேனைக் கைகாட்டினான். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, நீங்கதான சொன்னிய?"

"நானா?"

"போன்ல பேசும்போது சொன்னியள்லா. ஸ்டிரைக்கு வந்துட்டா தாட்ட எங்கன அடுக்கன்னு."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்குத் துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும். பிறகு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, "ஊத்துக்கண்ணு நாந்தான். நான் 'வந்துட்டா'ன்னு சொன்னேன். அது நடந்து நடந்து 'வருதாம்'னு ஆயிட்டு" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவரை நான் முழுதாக நம்பினேன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் இப்படி வடித்து எடுத்து முதலாளியிடம் தன் சரக்காகக் கொடுக்கிறாரோ என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. ஆனால் அவர் முறை சரியான முறை. ஆளைச் சந்தேகிக்கலாம், முறையைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஓய்வு பெற்றார். அதற்கடுத்த வருடம் மெட்ராஸிலிருந்து ஒரு சார் வந்தார். வெளிநாட்டுக்காரர்கள் தரச் சான்று கேட்கிறார்களாம். சான்று வேண்டுமென்றால் கம்பெனியில் யாருக்கு என்ன தெரியும், எப்படித் தெரியும், அது நம்பத் தக்கதா என்றெல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டுமாம். முதலாளி எங்களைக் கூட்டிவைத்து, "சார் கேக்கதுக்கு மறைக்காம பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டில் இதே பேச்சு.

"நமக்குத் தெரிஞ்சதெல்லாம் தாள்ல ஏறிட்டுன்னா பெறவு நம்ம எதுக்குக்கா?" என்றாள் குருவம்மா. "தாள் வந்து சுளகு பிடிக்குமா?"

"பிடிக்க ஆள் வெச்சுக்கிடுவானுவ. அரைக் கூலிக்கு" என்றாள் இன்னொருத்தி.

எஸ்தர் மட்டும் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தான்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இடுப்பு ஒடிந்து படுத்த பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு பேட்டைக்கு வந்து, கொட்டகைச் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டினாள். வேறு வரும்படி கிடையாது. கொழுந்தன் ஊரில் அவுரி பயிரிட்டுக் கம்பெனிக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான். எஸ்தருக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். மேற்பார்வை வேலை அடுத்தது தனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். சொன்னது குருவம்மா. எனக்கும் எஸ்தருக்கும் ஆகாது.

மெட்ராஸ் சார் மரியாதையானவர். கொட்டகையில் ஒரு முக்காலி போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். மடியில் அட்டை, அட்டையில் தாள். ஒவ்வொரு சங்கதியாகக் கேட்பார், எழுதுவார். கடைசியில் "இது உறுதியாம்மா?" என்பார். நான் கண்டிருந்தால் "கண்டது சார்" என்பேன். காதில் விழுந்தது என்றால் "ஆம் சார்" என்பேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பரவாயில்லை, இவரும் காசிம் அண்ணாச்சி கட்சிதான் என்று நினைத்தேன்.

"எந்த ஊர் இலையில கலப்படம் வருது?"

"சாத்தான்குளம் பக்கம் ஆவாரையக் கலக்குதாவளாம்."

"உறுதியா?"

"ஆம் சார். குருவம்மா சொன்னா."

தலையை ஆட்டினார். நான் மெதுவாக எட்டிப் பார்த்தேன். நீளமான வாக்கியம் எனக்குக் கூட்டி வாசிக்க நேரமாகும். ஆனால் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் இருந்த சின்னச் சொல் உடனே தெரிந்தது. ஆம். அப்படியே போட்டிருக்கிறார் மனிதர். என்னவோ என் வயிறு குளிர்ந்தது.

அடுத்த இலைக் காலத்துக்கு முன்பே வெளிநாட்டிலிருந்து புகார் வந்தது. நாங்கள் அனுப்பிய சரக்கில் ஆவாரை இலை கலந்திருக்கிறதாம். அங்கே ஏதோ திராவகம் விட்டுப் பார்த்தார்களாம், செக்கச் செவேலென்று ஆனதாம். சான்று கிடைப்பதே சந்தேகம் என்று ஆபீஸில் ஒரே ஓட்டம். மறுவாரம் எஸ்தர் வேலைக்கு வரவில்லை. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அன்று சாயங்காலம் அவளே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"யக்கா, நான் கலக்குனதக் கண்டியளா?"

"காணலயே."

"பெறவு எப்படிக்கா தாள்ல உங்க பேரு இருக்கு? சாத்தான்குளத்து எலையில ஆவாரை கலக்குதாவன்னு போட்டு, சொன்னது பிரமு, உறுதி ஆம்னு வாசிச்சுக் காட்டுதாவ. அந்த ஊர் எலையப் பாக்கது நீதான, கொழுந்தனுக்காக விட்டுட்டியான்னு கேக்காவ."

"ஆம்னுதானளா போட்டிருக்கு?"

"ஆம்னுதான் போட்டிருக்கு."

"ஆம் சரக்க வெச்சு ஒன்னைய எப்படி நிறுத்த முடியும்?"

"அதான் எனக்கும் விளங்கல."

ஆம் என்று தெளிவாக எழுதி வைத்துக்கொண்டே ஒருத்தியை வெளியே தள்ளுகிறார்கள் என்றால், வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றுதான் எங்கள் புத்திக்குப் பட்டது. யாருக்கோ அவள் கொழுந்தன் இலை வேண்டாம். அதற்கு இவள் காவு. அதற்குக் கத்தி என் பேர்.

"ஒன்னைய வெளிய தள்ளணும்னா நானே தள்ளுவேம்ளா. என் பேரை எடுத்து எவனோ தள்ளுதான் பாரு, அதான் எனக்குப் பொறுக்கல" என்றேன்.

"உங்க நல்ல மனசு" என்று சொல்லிவிட்டு எஸ்தர் போனாள். அந்த நிலையிலும் அவளுக்கு வாய் குறையவில்லை.

மறுநாள் மேலப்பாளையத்துக்குப் போனேன். காசிம் அண்ணாச்சி முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது என் கணக்கு. எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் இப்ப அங்கன இல்ல பிரமு. தாளை நான் காணல. எஸ்தர் சொன்னதா நீ சொல்லுத. எனக்கு எல்லாமே ஆம்தான். ஆம் சரக்க வெச்சு நான் முதலாளிகிட்ட என்னன்னு பேச?"

"அப்போ அவ போய்ச் சேர வேண்டியதுதானா?"

"நீ தாளக் கண்டியா?"

"ஒரு வரி கண்டேன்."

"மத்த வரியில என்ன போட்டிருக்கு?"

அவர் வீட்டம்மா தட்டில் வைத்த பிஸ்கட்டையும் தொடாமல் கிளம்பிவிட்டேன். உதவி கேட்டு வந்தவளிடம் பாடம் கேட்கிற மனிதர் என்று வழியெல்லாம் கோபம். ஆனால் அவர் கேட்ட கேள்வி பஸ்ஸில் என்னோடு ஏறிக்கொண்டது.

எஸ்தரைக் கணக்குத் தீர்த்து அனுப்புவதற்காக ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கூப்பிடாமலே நானும் போனேன். முதலாளி மேஜைக்குப் பின்னால். மெட்ராஸ் சார் பக்கத்தில். எஸ்தர் சுவரோரம் நின்றாள்.

"நீ எதுக்குமா வந்தே? சோலியப் பாரு" என்றார் முதலாளி.

"என் பேரு போட்ட தாள நான் பாக்கணும் மொதலாளி."

"பாத்து?"

"வாசிப்பேன்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. மெட்ராஸ் சார்தான் சிரிக்காமல் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் வாக்கியங்களை வாசிக்கவில்லை. கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே விரல் வைத்துக்கொண்டு வந்தேன். ஆம். ஆம். ஆம். ஆம். பக்கம் முழுக்க அதே சொல்.

"சார், இந்த மொத வரி என்ன?"

"ஆவாரை இலைக்கு நுனி மழுங்கியிருக்கும்."

"அதுக்கு எதுக்கு ஆம் போட்டிய? அது நான் கண்டதுல்லா! எத்தன வருசமா கண்டது! அத எதுக்கு கேள்விச் சரக்குன்னு எழுதுனிய?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உறுதியான்னு கேட்டேன். கண்டதுன்னு சொன்னீங்க. அதான் ஆம்னு போட்டேன்."

"அப்ப சாத்தான்குளத்துக்கு?"

"அதுக்கு நீங்களே ஆம்னு சொன்னீங்களேம்மா."

"ஆம்னுதான் சொன்னேன். ஆம்னா நான் காணல, காதுல விழுந்ததுன்னு அர்த்தம்."

"இல்லம்மா. ஆம்னா ஆமா. சரின்னு அர்த்தம்."

"எந்த ஊர்ல?"

"எல்லா ஊர்லயும். புத்தகத்துல அப்படித்தானே இருக்கு."

"புத்தகத்துல இருக்கட்டும் சார். வாயால யாரு ஆம்னு சொல்லுதா? ஆமாங்கணும்னா நான் ஆமான்னு சொல்ல மாட்டனா? எங்க கொட்டகையில ஆம் வேற, ஆமா வேற."

சுவரோரம் நின்ற எஸ்தர் 'ஏசுவே' என்று வாய்விட்டுச் சொன்னாள்.

முதலாளி தாளைப் பிடுங்கிக்கொண்டு வாசித்தார். "மயில் மேஞ்ச காட்டு எலை சீக்கிரம் கறுத்துரும். ஆம். இதுவும் காதுல விழுந்ததா?"

"அது எங்க கொட்டகைச் சிரிப்பாணி மொதலாளி. எவனோ சொன்ன கத."

"அடப் பாவி! மயில் காடுன்னு போன மாசம் ஒரு லோடு எலைய வேண்டாம்னு அனுப்பினமே!"

மெட்ராஸ் சார் பேனாவை மூடி வைத்தார். "இந்தத் தாளை வச்சு யாரையும் நிறுத்தக் கூடாது சார். தப்பு என்னோடது" என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒருவர் தன் தப்பை ஒத்துக்கொண்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும். நேர்மையாகவும் இருக்கலாம். சான்று கொடுக்க வருகிறவர்கள் இதைக் கண்டுபிடித்தால் தன் வேலை போய்விடும் என்ற பயமாகவும் இருக்கலாம். அவர் மனசுக்குள் நான் கண்டதில்லை.

ஆனால் அவர் செய்த வேலையைக் கண்டேன். மறுநாளே புதுத் தாளோடு முக்காலியில் வந்து உட்கார்ந்தார். இப்போது கட்டங்கள் வேறு. கண்டது ஒன்று, கேட்டது ஒன்று, கேட்டது என்றால் சொன்ன ஆள் யார் என்று ஒன்று. அதோடு தன் சொந்த யோசனையில் இன்னொன்றையும் சேர்த்திருந்தார்: கண்டது என்றால், வேறு காரணமாக இருக்குமா என்று சோதித்துப் பார்த்ததுண்டா?

எனக்கு அது பிடிக்கவில்லை. "கண்ட பெறவு என்ன சோதனை?" என்றேன். இலையோடு வரும் அவுரிக் காய் மூடைக்குப் பக்கத்தில் வைத்தால் இலை கறுக்கும் என்று நான் கண்டதாகவே சொல்லியிருந்தேன். அவர் ஓர் இலைச் சாக்கைக் காய் மூடையோடு கொட்டகை நடுவில் போட்டார். இன்னொன்றைக் காய் இல்லாமல் எங்கள் பழைய இடத்தில், சுவரோரம் போட்டார். கறுத்தது சுவரோரம் கிடந்த சாக்கு. சுவரில் ஈரம். காய் மூடையை நாங்கள் எப்போதும் அந்தச் சுவரோரம்தான் அடுக்குவோம். அந்த வரியை அடிக்கச் சொன்னது நான்தான். சந்தோஷமாகச் சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

அடுத்தது சாத்தான்குளம். சொன்ன ஆள் குருவம்மா. குருவம்மாவைக் கூப்பிட்டோம். லாரி டிரைவர் சொன்னார் என்றாள். டிரைவர், ஏரலில் இலை வாங்கி விற்கும் தரகர் ஒருவரைச் சொன்னார். மெட்ராஸ் சாரும் நானும் கம்பெனி வண்டியில் ஏரலுக்கே போனோம். தரகர் எங்களுக்கு மோர் கொடுத்தார்.

"சாத்தான்குளத்து எலையில ஆவாரைன்னு நீங்க சொன்னியளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நானா சொன்னேன்? ஒங்க ஆபீஸ்ல பேசிக்கிட்டாவ. அதத்தான் சொன்னேன்."

"ஆபீஸ்ல யாரு?"

தரகர் என்னைப் பார்த்தார். மெட்ராஸ் சாரைப் பார்த்தார். "அது ஞாபகமில்ல தாயி. மோரக் குடிங்க" என்றார்.

அதற்குமேல் ஊற்றுக்கண் அகப்படவில்லை. சாத்தான்குளத்து இலை நின்றால் தரகர் இலைக்குக் கிராக்கி ஏறும். அது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். ஆபீஸில் தரகருக்கு வேண்டிய ஆள் யார் என்பதிலும் எனக்கு ஒரு நினைப்பு உண்டு. கண்டதில்லை. ஆகையால் பேரை எழுத மாட்டேன். "ஆளில்லாப் பேச்சு" என்று சாரிடம் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

எஸ்தரை வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் சுளகோடு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் சிரித்துப் பேசினார்கள். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் குரல்கள் தாழ்ந்தன. "கலந்தாளாம்ளா." "கொழுந்தனுக்காகவாம்." தாளில் அடித்தாயிற்று. வாயில் யார் அடிப்பது?

சில நாள் கழித்து எல்லாரும் போன பிறகு எஸ்தர் என்னிடம் வந்தாள்.

"யக்கா, உங்க ஆம்தான் என்னைய உள்ள கொண்டாந்து விட்டுது. அதுக்குக் கும்பிடுதேன். ஆனா அந்த ஆம் இன்னும் என் முதுகுலயே ஒட்டிக்கிட்டு நிக்கி. அத எப்ப எடுப்பிய?"

"ஆம் போகணும்னா கண்டவ ஒருத்தி வேணும்."

"கலக்கலன்னு எப்படிக்கா காண முடியும்?"

நியாயமான கேள்வி. ராத்திரி படுத்து யோசிக்கவெல்லாம் இல்லை. அங்கேயே முடிவு செய்தேன். வரப்போகிற இலைக் காலம் முழுவதும் சாத்தான்குளத்துச் சாக்குகளை எஸ்தர் தொடக் கூடாது, வேறு யாரும் தொடக் கூடாது, நான்தான் பிரிப்பேன் என்று முதலாளியிடம் சொன்னேன். மேற்பார்வைக்காரி திரும்பவும் சுளகு பிடிப்பதைப் பார்த்துக் கொட்டகையே சிரித்தது. "பிரமக்காவுக்கு எறக்கம் வந்துட்டு" என்றார்கள். பதவி இறக்கத்தைச் சொன்னார்களா, மன இரக்கத்தைச் சொன்னார்களா தெரியாது. இரண்டும் பொய்.

வந்த சாக்கை எல்லாம் அவிழ்த்தேன். மேலே கிடப்பதை மட்டுமல்ல, நடுவிலும் அடியிலும் கைவிட்டு அள்ளினேன். நொறுங்கலை விரலில் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கியது. கொழுந்தனின் சாக்குகளை இன்னும் கூடுதலாகப் பார்த்தேன். ஒரு ஆவாரை இலை கிடைத்தால் எஸ்தரைக் கையோடு பிடித்து முதலாளி முன்னால் நிறுத்தியிருப்பேன். அந்த ஆசையும் எனக்கு இருந்தது. கிடைக்கவில்லை.

கடைசிச் சாக்கு முடிந்த அன்று நான் கொட்டகை நடுவில் எழுந்து நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. சாத்தான்குளத்து எலையில ஆவாரை கெடையாது. கண்டது."

பெண்கள் சுளகை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் அதற்கு மேல் பேச்சு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். குருவம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எஸ்தர் அழுவாள் என்று நினைத்தேன். அவள் சுளகைத் தட்டி ஓரத்தில் வைத்தாள்.

"இந்த வருசத்து எலையத்தானக்கா கண்டிய. போன வருசத்தத யாரு கண்டா?"

அவள் சொன்னது முறைப்படி சரி. புகார் வந்தது போன வருடத்துச் சரக்குக்கு. அது கப்பலேறிப் போய்விட்டது. அதை நான் கண்டதில்லை. "போன வருசத்தத யாரும் காணல" என்றேன். எஸ்தர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சுளகை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் யாரும் அவளைப் பற்றி முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். செய்யாதவளாக இருந்தால், நான் கண்டதற்கு மேல் ஒரு இலை அளவு நல்ல பேர்கூடத் தனக்கு வேண்டாம் என்ற ரோஷத்தில் சொல்லியிருப்பாள். செய்தவளாக இருந்தால், நான் கொடுத்த நல்ல பேரைச் சுமக்க மாட்டாமல் வாய் தவறியிருக்கும். ஓய்வு பெறும்வரை நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஒரு தடவையாவது நேருக்கு நேர் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். கேட்டு, அவள் இல்லை என்று சொன்னாலும் உண்டு என்று சொன்னாலும், எனக்கு அது காதில் விழுந்ததுதானே. அதற்கும் ஆம்தானே போட வேண்டும்.

கருவியோடு வந்த அந்தப் பெண் இந்தக் கதையைக் கேட்டால், எஸ்தர் கலந்தாங்களா ஆச்சி என்றுதான் முதலில் கேட்பாள். எனக்குத் தெரிந்ததை ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்: ஆம். அதை அவள் எப்படிச் சுருக்கி எழுதிக்கொள்வாள் என்றும் எனக்குத் தெரியும். அதனால்தான் அவள் கருவிக்கு முன்னால் நான் வாய் திறக்கவில்லை.